பொழுது சாய்வதற்குள் ஓர் ஆட்டம்

என் கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்த அர்ஹந்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வருகிறவர்கள் எகிறினால், என்னைப் பின்னால் தள்ளிவிட்டு அவன்தான் பேசுவான். தேரடித் தெருவில் என் பிரவுசிங் சென்டர் நிலைத்தது அவன் பொறுமையால்தான்.

2006-ல் பிராட்பேண்ட் வந்ததும், வேலை கம்மியான நேரத்தில் இணையத்தில் கேரம் ஆடத் தொடங்கினான். எதிரில் 'வேலூர்ப்புலி' என்ற பெயரில் முகம் தெரியாத ஒருவன். காய் அடிப்பதைவிடக் கிண்டல் அடிப்பதில் கெட்டிக்காரன்.

அர்ஹந்த் ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தவறினால் விடியும்வரை எதுவும் கிடையாது. தினமும் ஆறு மணிக்கு முன் அவன் எழுந்து போவதைப் புலி கவனித்துவிட்டான். காரணம் தெரியாமலே, "பயந்தாங்கொள்ளி ஓடுறான்" என்று திரையில் எழுதுவான்.

ஒரு சனிக்கிழமை அர்ஹந்துக்கும் ரோஷம் வந்துவிட்டது. பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டே ஆடி, ஜெயித்தும் விட்டான். நான் கைதட்டினேன். வெளியே பார்த்தால் இருட்டு.

மறுநாள் முகம் வாடி வந்தான்.

"ஜெயிச்சவன் மூஞ்சியாடா இது?"

"நான் சாப்புடாம எங்கம்மா சாப்புட மாட்டாங்க, வேடியண்ணே. நேத்து என் வாயால அவங்களும் பட்டினி."

அன்று ஞாயிறு, வாரத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அந்தத் தளத்தின் வாரப் பட்டியலில் அர்ஹந்த் பெயர்தான் முதலில் வரும். பாதியில் எழுந்தால் தோல்வி. அர்ஹந்த் நன்றாகவே முன்னால் இருந்தான். ஐந்தரை ஆனதும் புலி வேண்டுமென்றே ஒவ்வொரு காய்க்கும் நேரத்தை இழுத்தான். "மணி ஆகுது, ஓடு ஓடு" என்று எழுதினான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"தள்ளுடா, நான் நாலு வார்த்தை கேக்கறேன்" என்று கீபோர்டை இழுத்தேன்.

அவன் என் கையை விலக்கிவிட்டு நிதானமாக எழுதினான்: "நான் சாப்புடலைன்னா எங்கம்மா சாப்புட மாட்டாங்க. பொழுது போனா ரெண்டு பேரும் பட்டினி. நீ நல்லா ஆடற. நான் வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஆட்டம் புலிக்குப் போனது.

அடுத்த ஞாயிறு மதியம் மூன்று மணிக்கே திரையில் புலி வந்து நின்றான். "சீக்கிரம் வா. நீ சோத்துக்குப் போறதுக்குள்ள உன்னைத் தோக்கடிக்கணும்."

அர்ஹந்த் விழுந்து விழுந்து சிரித்தான். ஆட்டம் பாதி ஆனபோது எழுதினான்: "எங்கம்மாகிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன். அந்தப் புள்ள சாப்ட்டானான்னு கேட்டாங்க."

அடுத்த காய் புலி அடிக்க வேண்டியது. அடிக்கவில்லை. பதில்தான் வந்தது.

"ஹாஸ்டல்ல இருக்கேன். இங்க யாரு கேக்கறாங்க? இன்னும் சாப்புடல."

பிறகு ஒரு வரி. "போய் சாப்ட்டு வரேன்ணா. அம்மாகிட்ட சொல்லுங்க."

பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டான்.