கண்ணாடிக்குள் தெரிந்தவள்

பக்கத்து அறையில் இருக்கும் மனைவியை ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு மனிதரால் எப்படிக் கண்ணை மூடி ஜெபம் பண்ண முடிகிறது? ஊரடங்கு நாட்களில் என் வகுப்புத் தோழி போனில் என்னிடம் இப்படிக் கேட்டாள். அந்த மனிதர் அவளுடைய அப்பா. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் சொன்னதையும், அவள் அம்மா பிறகு சொன்னதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு சபையில் ‘ஆமென் அண்ணன்’ என்று பெயர். போதகர் ஜெபத்தை முடிப்பதற்குள் இவருடைய ஆமென் கூரையில் முட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடும். போதகர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினால்கூட விடமாட்டார். தொழில், படங்களுக்குச் சட்டம் போடுவது. வீட்டின் முன்னறை கடை, அதையொட்டிப் பட்டறை, பட்டறைக் கதவைத் திறந்தால் கூடம். திருமணப் படம், பட்டமளிப்புப் படம், வேத வசனம் என்று எதைக் கொண்டுபோனாலும் அளவெடுத்து, மூலைகளைச் சாய்வாக அறுத்து, ஆணி தெரியாமல் சேர்த்துக் கொடுப்பார். வேலையில் குறை சொல்ல முடியாது. மனிதரிடம்தான் மூலைகள் சேரவில்லை.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. பன்னிரண்டு வருடங்களாக வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கொதிநீர் இயந்திரத்தில் போட்டு, உலர்ந்ததும் இன்னொருத்தியோடு எதிரெதிரே நின்று மடிப்பாள். பாட வராது. நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். “உங்க வீட்டம்மா ஏன் வாயே திறக்கறதில்ல?” என்று யாராவது கேட்டால், “எங்க வீட்டு ஜெபத்தை எல்லாம் நானே பாத்துக்கறேன்” என்பார் அண்ணன், மின்கட்டணத்தைத் தானே கட்டிவிடுகிறவர் மாதிரி.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோயிலில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்தில் கை நீட்டத் தெரியும். அவளுடைய முதல் குழந்தை ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு கோயிலில் எல்லாரும் பாடினார்கள். அவளுக்குப் பாட்டும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வரிசையில் நின்று வெறுங்கையை நீட்டினாள். அதில் ஒரு துண்டு அப்பம் வந்து விழுந்தது. அன்றிலிருந்து பத்தொன்பது வருடம், மாதத்தின் முதல் ஞாயிறு ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

ஊரடங்கு வந்தது. கோயிலைப் பூட்டினார்கள். ஜெபம் போனுக்குள் வந்தது. ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்கு சபையார் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக உட்கார்ந்தார்கள். ஆமென் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் அவர் குரல் மட்டும்தான் கேட்கும். இங்கே முகமும் தெரிகிறதே! குடும்பம் முழுவதும் சேர்ந்து ஆண்டவரைத் தொழுவதைப் பற்றிய வசனம் ஒன்றைப் பெரிய சட்டத்தில் போட்டு சோபாவுக்குப் பின்னால் மாட்டினார். பாட்டுப் புத்தகங்களை முக்காலியில் அடுக்கி, அதன்மேல் போனைச் சாய்த்தார். மூக்குக் கண்ணாடி வெளிச்சத்தில் மின்னுகிறது என்று அதைக் கழற்றி வைத்தார். முதல் நாளே முழங்கினார்: “இந்த நோய் எங்க வாசப்படியை மிதிக்காது. ஏன்னா இது ஜெபிக்கிற குடும்பம். ஆமென்!”

அந்த வருடம் சபை மூப்பராக அவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று பேச்சு இருந்தது. அதையும் மனதில் வைத்துத்தான் முழங்கினார்.

மூன்றாவது வாரம் அம்மா வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றாள்.

“என்கூட துணி மடிக்கிறவளுக்கு நோய்னு வந்துடுச்சு. பதினாலு நாள் தள்ளி இருக்கச் சொல்லிட்டாங்க. நான் பட்டறையிலேயே இருந்துக்கறேன். அங்கதான் தனியா குளியலறை இருக்கே.”

“மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

அவர் சொன்னது அவ்வளவுதான். இருமல் இருக்கிறதா, சாப்பிட்டாயா, பயமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. அன்று மாலை பட்டறையில் பாய் விரித்துப் படுத்திருந்தவளுக்குக் கதவுக்கு அந்தப்பக்கம் அவர் பேசியது தெளிவாகக் கேட்டது.

“என் மனைவி லீவு போட்டுட்டு தங்கச்சி வீட்டுக்குப் போனா. ஊரடங்குல அங்கயே மாட்டிக்கிட்டா. எங்க இருந்தாலும் ஜெபத்துலதான் இருக்கா. ஆமென்!”

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மறுநாள் தங்கச்சியே கூப்பிட்டாள். “என்னக்கா, நீ என் வீட்டுலதான் இருக்கியாமே? எந்த ரூம்ல இருக்கே? காலையிலருந்து தேடறேன், அகப்பட மாட்டேங்கறே!”

“கட்டிலுக்கு அடியில பாருடி,” என்றாள் இவள்.

தள்ளியிருப்பதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அது அவளே எடுத்த முடிவு. மகள் மூன்று வேளையும் தட்டை வாசலில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று கதை பேசுவாள். சட்டத் துண்டுகளுக்கும் மரத்தூளுக்கும் நடுவில் அவளுக்கு யோசிக்க நேரம் இருந்தது. வேலையில் அந்த மாதம் வந்த மூட்டைகளை நினைத்துக்கொள்வாள். பக்கத்தில் யாரும் இல்லாமல் செத்தவர்களின் விரிப்புகள் அவை. இயந்திரத்தில் போடுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையின்மேலும் உறைபோட்ட கையை வைத்து, “ஆண்டவரே, இவங்களையும்” என்பாள். அவளுடைய ஜெபமே அவ்வளவுதான். அதற்கு யாரும் ஆமென் சொன்னதில்லை.

பத்தாவது நாள் சனிக்கிழமை. மறுநாள் திருவிருந்து. அவரவர் வீட்டில் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போன் வழியாக ஜெபிப்போம் என்று போதகர் அறிவித்திருந்தார். அவள் கதவைத் தட்டி அவரைக் கூப்பிட்டாள்.

“நாளைக்கு எனக்கும் ஒரு துண்டு அப்பம் வாசல்ல வெச்சிடுங்க.”

“அதெப்படி? நீதான் தங்கச்சி வீட்டுல இருக்கியே.”

“மூணு வேளையும் சாப்பாடு வருதே, அது எந்த வீட்டுல இருக்கறவளுக்கு?”

“அது வேற. கூட்டம் நடக்கும்போது பாப்பா எழுந்து தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தா கேமராவுல தெரியும். யாருக்குன்னு கேப்பாங்க.”

“அப்ப கூட்டத்துக்கு முன்னாடியே வெச்சிடுங்க.”

“ஜெபிக்காத அப்பத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே? அடுத்த மாசம் எடுத்துக்கயேன். ஆண்டவர் எங்கயாவது ஓடியா போயிடுவாரு?”

“கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நானும் கேக்கறேன்.”

“திறந்து பாரு, நடக்கறதே வேற!”

கோபம் வந்திருந்தால் அழுதிருப்பாள். கோபம் வரவில்லை, இளப்பம் வந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த ஆளையா பெரிய பக்திமான் என்று நினைத்து, இவர் ஜெபிக்கும்போது விசிறியை நிறுத்தி, குக்கரை இறக்கி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்? கேமராவில் தெரியும் என்பதற்காக ஆண்டவருடைய அப்பத்தை ஒளித்து வைக்கிற ஆள்! தன்னை நினைத்தே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதரை. அண்ணன் வெள்ளைச் சட்டையில் சோபாவின் நடுவில், பக்கத்தில் மகள். போதகர் ஜெபத்தை ஆரம்பித்ததும், போனுக்குப் பின்னாலிருந்த பட்டறைக் கதவு திறந்தது. அவள் முகக்கவசத்தோடு, மரம் அறுக்கும் முக்காலியை நிலைப்படியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் காலையில் மகள் வைத்துப்போன ரொட்டியில் ஒரு துண்டு, ஒரு குவளை தண்ணீர்.

அண்ணனுக்கு முகம் வெளுத்தது. வாயைத் திறந்தால் சபை கேட்கும். எழுந்தால் சபை பார்க்கும். கண்ணை உருட்டினார், புருவத்தை ஏற்றி இறக்கினார், தாடையால் ‘உள்ளே போ’ என்றார். அவள் அசையவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

திரையில் ஒரு கட்டத்திலிருந்து தையல்கார அக்கா உருகினாள். “பாஸ்டர், அண்ணனைப் பாருங்க! ஆவியில நிறைஞ்சு முகமே துடிக்குது!”

“ஸ்தோத்திரம்,” என்றார் போதகர்.

ஊசியில் நூல் கோக்கிற கண் அல்லவா, தையல்கார அக்கா விடவில்லை. “ஆமா அண்ணே, உங்களுக்குப் பின்னாடி அந்த வசனத்துக்குள்ள யாரு உக்காந்திருக்கறது?”

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணன் சொல்லுகிற பாடம் ஒன்று உண்டு. ‘சாதாக் கண்ணாடி போட்டா எதிர்ல இருக்கறதெல்லாம் அதுல தெரியும். மங்கல் கண்ணாடி போடுங்க.’ வீட்டுக்குத்தானே என்று தன் வசனத்துக்கு அவர் போட்டது சாதாக் கண்ணாடி. போனுக்குப் பின்னால் திறந்த கதவும், பட்டறை ஜன்னல் வெளிச்சமும், முக்காலியில் உட்கார்ந்திருந்தவளும் அப்படியே அதில் விழுந்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்த அண்ணனுக்குத் திரையில் அது தெரியவில்லை. சபை முழுவதற்கும் தெரிந்தது.

“அது... வெளிச்சம்.”

“வெளிச்சம் முகக்கவசம் போட்டிருக்கே! அது நம்ம அக்கா இல்ல?”

“ஆமாமா, அவதான். இப்பத்தான் வந்தா. ஆண்டவர் அதிசயமா வழி திறந்தாரு.”

“ஊரடங்குலயா, பிரதர்?” என்றார் போதகர்.

“ஆமென்,” என்றார் அண்ணன். வேறென்ன சொல்வார்?

அப்போது நிலைப்படியிலிருந்து அவள் பேசினாள். சபை அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பாஸ்டர், நான் எங்கயும் போகல. பதினோரு நாளா இங்க பட்டறையிலதான் இருக்கேன். கூட வேலை செய்யறவளுக்கு நோய் வந்ததால தள்ளி இருக்கேன். அப்பம் கேட்டேன், கேமராவுல தெரியும்னு இவர் தரல. என்கிட்ட ரொட்டியும் தண்ணியும் இருக்கு. இதுக்கும் சேர்த்து ஜெபிச்சிடுங்க.”

திரையில் இரண்டு மூன்று கட்டங்கள் அவசரமாக அணைந்தன. நோய் போன் வழியாகத் தொற்றிவிடும் என்று பயந்த பக்தர்கள். போதகர் தொண்டையைக் கனைத்தார். “தண்ணியை வெச்சு... சபை முறைப்படி... அது வந்து...”

“முறையை அப்புறம் யோசிங்க பாஸ்டர்,” என்றாள் தையல்கார அக்கா. “அவங்க கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, பாருங்க.”

போதகர் ஜெபித்தார். மகள் எழுந்தாள். “உக்காருடி!” என்று பல்லைக் கடித்தார் அப்பா, அதுவும் சபைக்குக் கேட்டது. அவள் அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துப்போய் நிலைப்படியில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றாள். அம்மா குனிந்து எடுத்துக்கொண்டாள். எல்லாம் கண்ணாடியில் தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் அவர் குதித்தார். “என் மானத்தை வாங்கிட்டியே!”

“உங்க மானம் என்கிட்ட எப்ப இருந்துச்சு? சுவத்துல இல்ல மாட்டி வெச்சிருந்தீங்க!” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்கு நோய் வரவில்லை. பதினைந்தாம் நாள் வெளியே வந்தாள். பிறகு வேலைக்கும் போனாள். அண்ணன் திருந்தினார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். மறுநாளே வசனத்தைக் கழற்றி மங்கல் கண்ணாடி மாற்றினார். அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். கோயில் திறந்தபின், ‘நோய்க்கு நடுவுல என் மனைவியை சேவைக்கு அனுப்பின குடும்பத் தலைவன் நான்’ என்று சாட்சி சொன்னார். சபை கைதட்டியது. அடுத்த வருடம் மூப்பராகவும் ஆக்கினார்கள். கட்டத்தை அணைத்துவிட்டு ஓடியவர்கள்தான் முதலில் கை தூக்கினார்கள்.

அவள் அவரோடு சண்டை போடுவதில்லை. மாலை ஜெபத்தில் அவர் முழங்கும்போது விசிறியை நிறுத்துவதில்லை. குக்கர் பாட்டுக்கு விசில் அடிக்கிறது. அவள் கண்ணை மூடாமல் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். முதல் ஞாயிறு மட்டும் யாருக்கும் காத்திராமல் முதல் ஆளாகப் போய்க் கை நீட்டுகிறாள்.

என் தோழி கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். பார்க்கிறவர்கள் எதிரில் இருந்தால் போதும், அப்படிப்பட்டவரால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கண்ணை மூடி ஜெபிக்க முடியும்.

படித்து முடித்ததும் இதை அப்படியே வைத்துவிடாதீர்கள். எல்லாரையும் முந்திக்கொண்டு ஆமென் சொல்லும் ஒருவர் உங்களுக்கும் தெரிந்திருப்பார். அவருக்கு இதைக் கொடுங்கள். அவர் படிக்காவிட்டால், அவர் வீட்டுக் கதவுக்கு அந்தப்பக்கம் இருப்பவரிடம் சொல்லுங்கள்.