மீன்காரியாக நடித்த குழு

அஞ்சுகம் காரைக்காலை அடுத்த மீனவ ஊரான கோட்டுச்சேரிமேட்டுப் பெண். அவள் அம்மா பக்கத்துத் தருமபுரத்தில் தெருத்தெருவாக மீன் விற்பவர். 2007இல் காரைக்காலில் கல்லூரியில் படித்தபோது, அஞ்சுகத்துக்கு மேடைப்பேச்சு வகுப்பும் இருந்தது.

ஒருநாள் அந்த வகுப்பில் மாணவர்கள் குழுக்குழுவாக மேடையேறினார்கள். நந்தினியின் குழு, ‘எப்படிப் பேசக் கூடாது’ என்று ஒரு காட்சி நடித்தது. தருமபுரத்துக்காரியான நந்தினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் கூடையோடு மீன்காரியாக வந்து தொண்டை கிழியக் கத்தினாள். கண்டபடி ஏசினாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார்.

பிறகு ஒவ்வொருவரும் மற்ற குழுக்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும். அஞ்சுகம் கோபத்தோடு எழுந்தாள்.

“எங்கம்மா மீன் விக்கிறவங்க. மாடியில இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்னுதான் சத்தமா கூவுறாங்க. யாரையும் ஏசுனதில்ல.”

“சும்மா தமாசுக்குத்தானே செஞ்சோம்,” என்றாள் நந்தினி.

“நாளைக்கு உங்க தெருவுக்கு வருவாங்க. அவங்க முன்னாடி இதே மாதிரி நடிச்சுக் காட்டு.”

ஆசிரியர் குறுக்கிட்டார். “சொந்த விஷயத்த இங்க கொண்டு வராதம்மா. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. “நீங்களும்தான் சிரிச்சீங்க, சார்.”

அந்தப் பாடத்தில் அவளுக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்தது. பேச்சில் நிதானம் இல்லை என்று காரணம் சொன்னார் ஆசிரியர். நந்தினி சமாதானம் பேச வந்தபோது அஞ்சுகம் முகம்கொடுத்துப் பேசவில்லை. மறுவருடம் அதே காட்சியை நடிக்க அனுமதி கேட்ட மாணவர்களிடம் ஆசிரியர் வேண்டாம் என்றாராம். அதைக் கேள்விப்பட்ட பிறகும் அஞ்சுகத்தின் கோபம் தணியவில்லை.