பல்வலிக் காட்சி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வேங்கிக்கால் வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தேன். பக்கத்தில் என் மகள் போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் இயர்போன். படத்தின் சத்தம் எனக்குக் கேட்காது, அவள் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. முதலில் ஒரு சின்னச் சிரிப்பு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் அடக்க மாட்டாமல் ஒரு நீளச் சிரிப்பு. எட்டிப் பார்க்காமலே என்ன படம் என்று தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்தப் படத்துக்கு எங்கெங்கே சிரிப்பு வரும் என்பது எனக்கு மனப்பாடம். அது ரிலீஸான சமயத்தில், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு பழைய தியேட்டரில் எனக்கு டிக்கெட் கிழிக்கிற வேலை. இருட்டில் டார்ச் அடித்து சீட் காட்டுவதும் நான்தான். பி.காம். படித்துவிட்டு டார்ச் அடிக்கிறானே என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கோ கையில் டார்ச் வந்துவிட்டால் கலெக்டர் என்று நினைப்பு. லேட்டாக வருகிறவர்கள் மூஞ்சியில் வெளிச்சம் அடித்து, அவர்கள் கண் கூசுவதைப் பார்ப்பதில் ஒரு அல்ப சந்தோஷம்.

தியேட்டருக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது மும்தாஜ் அக்காவின் வெங்காயச் சமோசா வாசனை. கேன்டீன் அவருடையது. எத்தனையோ படம் வந்து போயிருக்கிறது, அக்கா ஒன்றுகூடப் பார்த்ததில்லை. இன்டர்வெல் மணி அடிப்பதற்குள் எண்ணெய் காய வேண்டும், அதுதான் அவர் கவலை. மத்தியான ஷோ தொடங்கியதும் மட்டும் ஒரு தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு செங்கம் ரோடு பக்கம் போய்விட்டு வருவார். தம்பிக்குச் சோறு.

தம்பி பாஷா. நல்ல டெய்லர். எனக்கே பேன்ட் தைத்துக் கொடுத்திருக்கிறார். பெண்டாட்டி பிரசவத்தில் போனதிலிருந்து மனுஷனுக்குப் பேச்சு நின்றுபோனது. ஒருநாள் மெஷினை அப்படியே விட்டுவிட்டு நடந்தவர், செங்கம் ரோட்டுக் கிரிவலப் பாதையில் ஒரு பாழடைந்த சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். முடியும் தாடியும் வளர்ந்தது. எங்கள் ஊரில் பேசாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் போதுமே! பிள்ளை இல்லாத யாரோ வெளியூர்க்காரர் காலில் விழுந்தார். இவர் அவர்மேல் ஒரு கல்லை விட்டெறிந்தார். அடுத்த வருஷம் அந்த ஆள் குழந்தையோடு வந்து நின்றார். அவ்வளவுதான், பாஷா அண்ணன் சுவர் சாமி ஆகிவிட்டார். அவர் நெற்றியைச் சுவரில் முட்டுவார், பின்னாலேயே வரிசையில் நின்று ஜனங்களும் முட்டும். வீட்டுக்கு வாடா என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தால் மிரண்டு ஓடிவிடுவார். காக்காவுக்குச் சோறு வைக்கிற மாதிரி வைத்துவிட்டு வருவதைத் தவிர அக்காவால் ஒன்றும் முடியவில்லை. எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

படத்துக்கு வருகிறேன். பாஷை தெரியாத ஒருத்தன் ஊர் மாறி பஸ்ஸை விட்டு இறங்குகிறான். அவனை அந்த ஊர் மகான் ஆக்கிவிடுகிறது. அவன் பசிக்கிறது என்று கத்தினாலும் அருள்வாக்கு. காலேஜ் பசங்கள் விசில் அடித்துப் பார்த்தார்கள். ஆசிரமத்துப் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள், நம்மாட்கள் சிரித்த இடத்தில் உம்மென்று இருந்துவிட்டு, யாரும் சிரிக்காத இடத்தில் சிரித்தார்கள். குடும்பமாக வந்தவர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். ஒருநாள் பால்கனியில் டயர் கடைக்காரர் ஒருத்தர் இரண்டாம் தடவையாக வந்திருந்தார். பெரிய தொப்பை. அவர் சிரித்தால் முன்சீட் குலுங்கும், அவர் சிரிப்பைக் கேட்டு மொத்த தியேட்டரும் சிரிக்கும்.

அன்றைக்குச் சிரிப்பு ரொம்ப ஜாஸ்தியாக இருந்ததால், என்னதான் நடக்கிறது என்று அக்கா கரண்டியோடு வந்து கதவோரம் என் பக்கத்தில் நின்றார். திரையில் பல்வலிக் காட்சி. அந்த ஆள் வலி பொறுக்காமல் தலையைச் சுவரில் மோதுகிறான். பக்தர்கள் எல்லோரும் பக்திப் பரவசமாக மோதுகிறார்கள். தியேட்டரே அதிர்ந்தது.

"ஏம்பா, அவனுக்குப் பல்லு வலிக்குதுல்ல? ஏன் சிரிக்கிறாங்க?" என்றார் அக்கா.

"காமெடிக்கா அது."

அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "நாலு நாளா சோத்தத் தொடல அவன். பாஷாவுக்கும் பல்லு வலியா இருக்குமோ?"

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துக்கொண்டு போனோம். பௌர்ணமி, நல்ல கூட்டம். அக்கா தம்பியின் தாடிக்குள் கையை விட்டார். இழுக்காமல் சும்மா தொட்டால், அக்காவை மட்டும் அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். தாடை ஒரு பக்கம் வீங்கிக் கல்லாகக் கிடந்தது. வாயிலிருந்து குடலைப் பிடுங்கும் நாற்றம். "சாமி விரதம்" என்று ஒரு அம்மா எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

கற்பூரத் தட்டோடு வந்து நின்றவர் யார் என்கிறீர்கள்? டயர் கடைக்காரர்.

"இன்னாம்மா, சாமி வாயில கைய வெக்கிறீங்க?"

"என் தம்பிங்க. பல்லுல சீழ் புடிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்."

"தம்பியா இருந்ததெல்லாம் அப்போம்மா. இப்ப அவரு எல்லாருக்கும் சாமி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், நேத்து பல்லு வலி சீனுக்கு நீங்கதான அந்தச் சிரிப்பு சிரிச்சீங்க?"

அவர் கோபப்படவில்லை. ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது படம் தம்பி. இது சாமி."

கெட்டவர் இல்லை அவர். மழைக்குச் சாமிக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தவரே அவர்தான். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. கூட்டம் ஆட்டோவை மறித்தது. சத்தத்தில் மிரண்டு பாஷா அண்ணன் மலைப் பக்கம் முள்ளுக்குள் ஓடிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அக்காதான் ஒரு பாறைச் சந்தில் அவரைக் கண்டுபிடித்தார். நினைவில்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைத் திட்டக்கூட இல்லை. "சீழ் கழுத்துக்கு எறங்கிடுச்சும்மா. முன்னாடியே வந்திருந்தா ஒரு பல்லப் புடுங்குறதோட போயிருக்கும்" என்றார். அன்றைக்கே முடிந்துவிட்டது. கபர்ஸ்தானுக்கு நாங்கள் கொஞ்சம் பேர்தான் போனோம். சாமியின் பெயர் பாஷா என்று தெரிந்தவர்கள் அவ்வளவு பேர்தான்.

படமும் அந்த வாரமே தூக்கப்பட்டது, சாமியைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று யாரோ வந்து சத்தம் போட்டார்கள். அப்புறம் தியேட்டரே போய், இப்போது அங்கே ஒரு லாட்ஜ் நிற்கிறது. முன்பின் தெரியாத முன்னூறு பேர் இருட்டில் ஒன்றாகச் சிரிக்கிற அந்தச் சத்தத்தை நான் கேட்டு வருஷங்கள் ஆகின்றன. ரோட்டை அகலமாக்கினபோது சுவரும் போனது. அக்கா ஆம்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

தியேட்டர் மூடுவதற்கு முந்தின மாதம் ஒரு பௌர்ணமியில், அந்தச் சுவர் முன்னால் டயர் கடைக்காரர் ஆந்திரா பக்தர்களுக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். சுவர் சாமி பேசாமல் எழுந்து மலைக்குள் நடந்து மறைந்துவிட்டாராம். தன் கண்ணால் பார்த்தாராம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் நேராகக் கேன்டீனுக்கு ஓடினேன். உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு வரட்டுமா என்று அக்காவைக் கேட்டேன்.

அக்கா எண்ணெயில் சமோசாவைத் திருப்பிப் போட்டார்.

"வேணாம்பா. மலைக்குள்ள போயிட்டான்னே இருக்கட்டும். பல்லு வலில செத்தான்னு சொன்னா சிரிப்பாங்க."