நீ பாக்கியது எப்ப உள்ளது?

பேருந்து மார்த்தாண்டத்தைத் தாண்டும்போது, கூட வேலை பார்க்கும் வின்சென்ட் அழைத்தான். "மக்கா, ஜாஸ்மின் போயிட்டா. காலைல நெஞ்சு வலிக்குன்னு சொன்னாளாம்..." மீதி காதில் ஏறவில்லை. யாரையாவது கேட்போம் என்று நெட்டைப் போட்டேன். அவளிடமிருந்தே ஒரு செய்தி வந்து விழுந்தது: "புதுக்கடை பள்ளிக்கூட வெப்சைட்டு பாதி பேருக்குத் தெறக்கல்ல. நாளைக்கு வா, பாப்போம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வின்சென்ட் எதையோ தப்பாகக் கேட்டுவிட்டு உளறுகிறான் என்று அவன்மேல் கோபம்தான் வந்தது. அவள் கணவருக்கு அழைத்தேன். அவர் அழுதார். அந்தச் செய்தி முந்தின நாள் சாயங்காலம் அனுப்பியது, நான் நெட்டைப் போட்டதும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகும் வெகுநேரம் எது உண்மை என்று குழம்பிக்கொண்டே இருந்தேன்.

நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனியில் நானும் அவளும் வெப்சைட்டுகள் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொண்டோம். வேலை பார்த்தோம் என்பதைவிட ராத்திரி முழித்தோம் என்பதே சரி. அங்கே அவளோடு இருந்த எல்லோருக்கும் அந்தப் புயல் நாள் நினைவிருக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைத் தேவாலயப் பங்கு ஒன்றின் சைட்டில், கரை சேர்ந்த வள்ளக்காரர்களின் பெயர்களைப் போட்டுக்கொண்டிருந்தோம். பங்கில் அன்று வேலை செய்தது ஒரே போன். அதில் அவர்கள் எங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்ததால், வேறு யாருக்கும் லைன் கிடைக்கவில்லை.

குவைத்திலிருந்து ஷீபா என்ற நர்ஸ் எங்களை அழைத்தாள், நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணா, எங்க அப்பாக்க பேரு மட்டும் இல்லியே?"

எங்கள் திரையில் அந்தப் பெயர் இருந்தது. "அப்பா வந்தாச்சு மோளே, பேரு போட்டாச்சு" என்றாள் ஜாஸ்மின்.

"சமாதானத்துக்குச் சொல்லுதியளா அக்கா? நான் பாத்துட்டுதானே இருக்கேன், இல்லியே!"

சர்வரை நிறுத்திப் போட்டோம். குவைத் நெட்டைத் திட்டினோம். யார் யார் வந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் லாக்கைத் திறந்தால் குழப்பம் இன்னும் கூடியது. ஷீபா பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறாள். எங்கள் சர்வருக்கோ அவளிடமிருந்து ஒரு கோரிக்கைகூட வரவில்லை. அப்படியானால் அவளுக்குப் பதில் சொல்வது யார்? "பேய்க்க வேலையா இருக்குமோ?" என்றேன்.  ஜாஸ்மின் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொடிய எறக்குனோம், இத எறக்கல்லியே மக்கா!"

பங்குத் திருவிழாவின் பத்து நாளும் வளைகுடாக்காரர்கள் படம் பார்க்கக் குவிவார்கள். அந்தக் கூட்டத்தைத் தாங்க, சர்வருக்கு முன்னால் இன்னொன்றை நிறுத்தி, பக்கத்தின் நகலை ஒரு நாள் வைத்திருந்து கொடு என்று அவள்தான் அமைத்திருந்தாள். கொடியிறக்கம் முடிந்தும் அது அங்கேயே நின்றது. உள்ளே நுழைந்து திருத்துகிற எங்களை மட்டும் நேராக விட்டது. ஷீபாவுக்குக் காலையில் எடுத்த நகலையே நீட்டிக்கொண்டிருந்தது.

நகலை அழித்தாள். "இப்ப பாரு மோளே."

ஷீபா பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். பிறகு, "வந்துட்டு அக்கா... அப்பாக்க பேரு வந்துட்டு." போனை வைத்துவிட்டு ஜாஸ்மின் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரே கேள்விதான். "ஏலே, நீ பாக்கியது எப்ப உள்ளது?" மீன் விலை சொன்னாலும் கேட்பாள், அடுத்தவர் குடும்பக் கதை சொன்னாலும் கேட்பாள். எரிச்சலாக வரும். பாதிக் கதைகள் அந்தக் கேள்வியிலேயே செத்துப்போகும்.

புதுக்கடை சைட்டை நேற்று சரி செய்தேன். அவள் இருந்திருந்தால் பாதி நேரம் போதும். இப்போது அந்தக் கேள்வியை நான் எல்லோரிடமும் கேட்கிறேன், வின்சென்ட் திட்டுகிறான். அவளிடமிருந்து எனக்கு வாய்த்தது அதுதான்.

அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "நாளைக்கு வா, பாப்போம்." அது எப்ப உள்ளது என்று எனக்குத் தெரியும் ஜாஸ்மின். இந்த ஒரு நகலை மட்டும் அழிக்க மாட்டேன்.