பிணம் கிடக்கும் வீட்டில் டீ

இத்தனை வருடமாகக் கொலை நாவல்கள் படித்தும் நான் ஒரு கொலைகாரனையும் முன்கூட்டியே கண்டுபிடித்ததில்லை. ஒரே நாவலை மறுபடி படித்து மறுபடியும் ஏமாந்திருக்கிறேன். சிக்கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எதற்குப் படிக்கிறாய் என்பவர்களிடம் என் அம்மாவைப் பற்றிச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா போனார். மந்தைவெளி வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: படுக்கையில் விழாமல் போய்விட்டார், கொடுத்துவைத்தவர். அம்மா தலையாட்டினாள். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அழவுமில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் மத்தியானங்களில் வாடகை நூலகத்து ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினேன். பெரிய பங்களா, வெளியே பனி, கம்பளத்தின் மேல் வீட்டுக்காரரின் பிணம். துக்க வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் என் புத்திக்கு எட்டவில்லை.

அம்மா அரிவாள்மணையில் கொத்தவரங்காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர்கூட அழலையேடா. பிணத்தைப் போட்டுட்டு டீ குடிச்சிண்டிருக்கா."

நிறுத்திவிடவா என்றேன். வேண்டாம், படி என்றாள்.

துப்பறிபவர் வந்து சேர்ந்தார். சமையல்காரியிலிருந்து தோட்டக்காரன்வரை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன பேசினார், முகம் எப்படி இருந்தது? அவர்கள் சுற்றி வளைத்துச் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

"எவ்வளவு பொறுமையா கேக்கறார் பாரு. நம்மாத்துக்கு வந்தவா ஒருத்தரும் என்னைக் கேக்கலை."

அந்த ஒருத்தரில் நானும் சேர்த்தி. புத்தகத்தை மூடினேன். துப்பறிபவரின் மிடுக்கு எனக்கு எங்கே வரப்போகிறது, ஆனாலும் கேட்டேன்.

"கடைசியா அப்பா என்னம்மா சொன்னார்?"

அம்மா காயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஃபேனைக் கொஞ்சம் கொறைன்னார். ஏன், குளிர்றதான்னேன். இல்லை, நீ பாடறது சரியா கேக்கலைன்னார். கொறைச்சுட்டு சமையலுள்ளுக்குப் போய்ப் பாடிண்டே வேலையைப் பார்த்தேன். தூங்கறார்னுதான்டா நெனைச்சேன். ரொம்ப நாழி பாடிண்டிருந்தேன்."

அப்புறம்தான் அழுதாள். எனக்குத் தெரிந்த ஒரே காரியமாக, போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தேன். சர்க்கரை போட மறந்திருந்தேன். குறை சொல்லாமல் குடித்தாள்.

மறுநாள் அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளே ஆரம்பித்தாள்.

"அந்த மாமா அடுத்தது யாரைக் கேக்கப் போறார்?"