நான் கேட்ட கை, முருகன் அனுப்பிய கை

என் மேசையில் ஒரு மனிதனைச் சாகவிட்டவன் நான். அவனை வெட்டியது வேறு ஆள். சாகவிட்டது நான். கிருத்திகைதோறும் உங்களோடு உட்கார்ந்து முருகன் பெயரைச் சொல்லுகிற எனக்கு, இதை உங்களிடம் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று. நல்ல வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்தத் தள்ளிப்போடுகிற நோயைப் பற்றித்தான் இந்தச் சாட்சியே. ஆகவே இன்றைக்கு வந்த வார்த்தையில் எழுதிவிடுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். அப்பா கடலையும் பருத்தியும் போட்டு என்னை டாக்டருக்குப் படிக்க வைத்தார். 1972-ல் போடியில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி திறந்தேன். ஒரு மேசை, இரண்டு கட்டில், முத்தையா அண்ணன் என்கிற கம்பவுண்டர். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. படிக்கிற காலத்திலேயே என் தையலுக்குப் பெயர் உண்டு. ஒரு தையல் நூலளவு சாய்ந்தாலும் பிரித்து மறுபடி போடுவேன். படுத்திருப்பவன் கத்துவான். முத்தையா அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதை நான் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், அது கர்வம். கர்வத்துக்கு அடியில் பயம். என் வேலையில் ஒருத்தன் குறை கண்டுவிடக் கூடாது என்கிற பயம்.

1974 ஐப்பசியில் ஒரு காலை. பொட்டிபுரத்தில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் சின்னச்சாமி என்கிறவனைத் தோளுக்குக் கீழே அரிவாளால் வெட்டிவிட்டார்கள். மாட்டுவண்டியில் போட்டு அவனுடைய அண்ணன் கொண்டுவந்தார். வெட்டுப்பட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருக்கிற காபித்தூளை அள்ளி அப்பி, துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ரத்தம் ஏறக்குறைய நின்றிருந்தது. சின்னச்சாமி பேசினான். சோடா கேட்டான்.

என் கண்ணுக்கு அவன் தெரியவில்லை. காபித்தூள்தான் தெரிந்தது. அந்த அசிங்கத்தின் மேல் தையல் போடுவதா என்று கட்டை அவிழ்த்தேன். கழுவினேன். உறைந்திருந்ததெல்லாம் கரைந்து ஓடியது. ரத்தம் பீய்ச்சி என் கண்ணாடியில் அடித்தது. அப்போதாவது கிடைத்த இடத்தைப் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். நான் கண்ணாடியைத் துடைத்தேன். இடுக்குகளில் இன்னும் தூள் இருக்கிறது என்று மறுபடி கழுவினேன். ஊசி கை தவறிக் கீழே விழுந்தது. அதைத் திரும்பக் கொதிக்க வையுங்கள் என்றேன். முத்தையா அண்ணன் அடுப்புப் பக்கம் போகாமல் என்னையே பார்த்தார். “தம்பி, ஆள் போகுது” என்றார். கொதிக்க வையுங்கள் என்று கத்தினேன். தண்ணீர் கொதிப்பதற்குள் சின்னச்சாமி போய்விட்டான்.

அவனுடைய அண்ணன் உள்ளே வந்தார். தம்பியின் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கி மருந்து அலமாரியில் அடித்தார். கண்ணாடி மழையாகக் கொட்டியது. தடுக்கப்போன முத்தையா அண்ணனின் மண்டை உடைந்தது. என்னைக் கழுத்தோடு சுவரில் சேர்த்து அழுத்தி, “பேசிக்கிட்டுத்தான வந்தான்” என்று கேட்டார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றேன். அவர் கை தளர்ந்தது. தன்மேல்தான் தப்பு என்று நம்பி, தலையில் அடித்துக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து நான் கத்தியைத் தொடவில்லை. காய்ச்சல், சளி, வயிற்றுவலி பார்ப்பேன். ரத்தம் என்று வந்தால் ஒரு சீட்டு எழுதி மதுரைக்கு அனுப்பிவிடுவேன். கண்ணாடி குத்தின காலுக்கும் மதுரைதான். ஊரில் எனக்கு டிக்கெட் டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். அவரிடம் போனால் வைத்தியம் கிடைக்காது, மதுரைக்கு டிக்கெட் கிடைக்கும் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எல்லா வசதியும் இருக்கிற இடத்தில் பார்ப்பதுதானே முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். புதுக் கருவிகள் வரட்டும், தனி அறை கட்டி முடியட்டும், பிறகு தொடங்கலாம் என்பேன். கருவிகள் வந்தன. அறையும் கட்டினேன். சுண்ணாம்பு சரியில்லை என்று இரண்டு தரம் மறுபடி அடிக்கச் சொன்னேன். அறை பூட்டியே கிடந்தது.

முருகனைக் கும்பிடாமல் இல்லை. ஆனால் என் வேண்டுதலைக் கேளுங்கள்: யாரையும் வெட்டி என்னிடம் கொண்டுவந்துவிடாதே, முருகா. ஒரு டாக்டர் வேண்டிக்கொள்கிற லட்சணம் இது. ஏழு வருஷம் இதையே வேண்டினேன்.

1981-லும் ஐப்பசிதான். போடிமெட்டுக்குக் கீழே ஒரு ஏலத்தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை போய்த் தொழிலாளிகளைப் பார்த்துவருவது என் வழக்கம். அன்றைக்குக் காலையிலேயே ஜீப்பில் போனேன். மூன்று நாள் மழை. நான் மேலே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு கொண்டைஊசி வளைவில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. பார்த்துவருகிறேன் என்று டிரைவர் போனார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் நான் உட்கார்ந்திருந்தேன். பகல் பதினோரு மணிக்கே பனிமூட்டம் ஜன்னலை அடைத்திருந்தது.

திடீரென்று கூச்சல். தோட்டத்துக் காவல்காரன் வீரணனை நாலு பேர் கம்பளியில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். திருட்டுக் காய் பறித்தவர்கள் இரண்டு பேரை அவன் மடக்கியிருக்கிறான். ஒருத்தன் தப்பி ஓடிவிட்டான். இன்னொருத்தன் அரிவாளைத் திருப்பி வீரணனின் தொடையில் வெட்டிவிட்டான். வெட்டியவன் பிடிபட்டான், அவனையும் இழுத்து வந்திருந்தார்கள். வீரணனைச் சாக்கின்மேல் போட்ட நாலு பேரும் வெட்டியவனை அடிக்க வெளியே ஓடினார்கள். விறகுக் கட்டை உடம்பில் விழுகிற சத்தமும் அவனுடைய அலறலும் உள்ளே கேட்டன.

வீரணனின் தொடையைப் பார்த்தேன். காபித்தூள். மேலே தலைப்பாத் துணியால் கட்டு. ஆனால் இந்தத் தடவை ரத்தம் நிற்கவில்லை. கட்டை மீறிச் சாக்கை நனைத்து, கொட்டிக்கிடந்த பச்சைக் காய்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

என் வாய் தானாகச் சொன்னது: “மதுரைக்குக் கொண்டு போங்க.”

வீரணனின் மனைவி பேச்சி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ரோடு இல்லய்யா” என்றாள்.

தண்ணீர் கொதிக்க வை, வெள்ளைத் துணி கொண்டுவா, வெளிச்சம் போதாது என்று அடுக்கினேன். அவள் நகரவில்லை. “பாக்காம விட்டாலும் சாகத்தான் போறாரு. நீங்க பாத்து, அதுக்கப்புறம் சாகட்டும்யா” என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. ஏழு வருஷமாக யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. மண்டியிட்டு, கட்டை அவிழ்த்து, இடது கை முஷ்டியை அந்தக் காயத்துக்குள் திணித்து அழுத்தினேன். காபித்தூளோடு அழுத்தினேன். வீரணன் ஒரு தரம் துள்ளி அடங்கினான். ரத்தம் குறைந்தது. ஆனால் முஷ்டியை எடுத்தால்தான் ரத்தக்குழாயைப் பிடித்துக் கட்ட முடியும். எடுத்தால் அவன் போய்விடுவான். அடிவயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்குகிற இடத்தில், அசையாமல் அழுத்திப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். பேச்சி பிடித்துப் பார்த்தாள், பலம் போதவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் வந்து கை வைத்தார், நான் முஷ்டியைத் தளர்த்தினேன். ரத்தம் முகத்தில் தெறித்ததும் கையை எடுத்துவிட்டு வாசலில் போய் வாந்தி எடுத்தார். அந்த ஒரு நொடியில் போன ரத்தத்தை என்னால் மறக்க முடியாது.

அப்போது வேண்டினேன். கண்ணை மூடவில்லை, கை கூப்பவில்லை. கூப்ப எனக்குக் கையேது? முருகா, என் பேர் போகட்டும், என் தையல் கோணிப்போகட்டும், எனக்கு இன்னும் ஒரு கை கொடு. வாய்விட்டுத்தான் சொன்னேன்.

பேச்சி எழுந்து வெளியே போனாள். அடிக்கிற சத்தம் நின்றது. அவள் குரல் மட்டும் கேட்டது. “அவரு செத்தாக் கொல்லுங்க. இப்ப இவன் கை வேணும்.”

வெட்டியவனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவனுக்கு வாய் கிழிந்து, ஒரு கண் மூடிப்போயிருந்தது. கை முழுக்கச் சேறும் பச்சைக் காய்க் கறையும் ரத்தமும். அந்தக் கையை என் ஆஸ்பத்திரி வாசற்படியில்கூட வைக்க விட்டிருக்க மாட்டேன். பேச்சி அதைப் பிடித்து நான் காட்டிய இடத்தில் வைத்தாள். நான் அவனிடம் சொன்னேன்: “நீ கைய எடுத்தா இவன் செத்தான். இவன் செத்தா உன்ன இவுக விடமாட்டாக.”

அவன் அழுத்தினான். கல் மாதிரி அழுத்தினான். அழுதுகொண்டே அழுத்தினான். வாசலில் கட்டைகளோடு ஆட்கள் காத்து நின்றார்கள்.

நான் முஷ்டியை எடுத்தேன். ரத்தம் பீய்ச்சவில்லை. ரத்தக்குழாய் இருக்கிற இடத்தில் மட்டும் தூளைத் துடைத்தேன், மற்றதை விட்டுவிட்டேன். பையிலிருந்த இடுக்கியைச் சாராயத்தில் முக்கி எடுத்துப் பிடித்தேன். முதல் முடிச்சு வழுக்கிவிட்டது. இரண்டாவது நின்றது. மேலே சதையைச் சேர்த்துத் தைத்தேன். கோணல் மாணலான தையல். பிரித்து மறுபடி போடவில்லை. கையை எடு என்று அவனிடம் சொன்னபோது அவனால் விரலை நிமிர்த்த முடியவில்லை. பேச்சிதான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.

ஏன் அந்த ஆளை இழுத்துவந்தாய் என்று பிறகு கேட்டேன். “மத்தவுக பயந்து கைய எடுத்துருவாகய்யா. இவனால எடுக்க முடியாது” என்றாள். சுத்தமான கை, படித்த கை, நடுங்காத கை என்று நான் ஏழு வருஷம் காத்திருந்தேன். முருகன் அந்த மலையிலேயே அழுக்கான கையை அனுப்பி வேலையை முடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் அடிக்கவில்லை. அவன் வாயையும் நானே தைத்தேன். பிறகு போலீஸ் வந்து கூட்டிப்போனது. வீரணனைக் கம்பளியில் கட்டிச் சரிவைத் தாண்டித் தூக்கிப்போய், அந்தப் பக்கம் வந்து நின்ற வேறொரு ஜீப்பில் ஏற்றிப் போடிக்குக் கொண்டுவந்தோம். காயம் சீழ் வைத்தது, வாரக்கணக்கில் கட்டு மாற்றினேன். பிழைத்துவிட்டான். ஒரு காலை இழுத்துத்தான் நடப்பான். ஆடு மேய்ந்த மாதிரி தைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கும் என்னைக் கிண்டல் பண்ணுவான்.

கீழே இறங்கிய மறுநாளே பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தேன். அந்த வாரமே பொட்டிபுரம் போய்ச் சின்னச்சாமியின் அண்ணனைப் பார்த்தேன். நீங்கள் தாமதமாகக் கொண்டுவரவில்லை, நான்தான் தாமதித்தேன், அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன். என்னென்னவோ சொல்லத் தயார் பண்ணியிருந்தேன், இவ்வளவுதான் வந்தது. அவர் என்னை அறைந்தார். கீழே விழுந்தேன். எழுந்ததும் மறுபடி அறைந்தார். பிறகு வேலிப் படலில் சாய்ந்து அழுதார். “ஏழு வருசமா நாந்தான் கொன்னேன்னு இருந்தேன்” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பாரத்தை அவர் தோளிலிருந்து இறக்கியதே போதும் என்று திரும்பிவிட்டேன்.

கூடப் பிறந்தவர்களைப் போல என்னோடு பாடுகிற அன்பர்களே, உங்களில் வாத்தியார் இருக்கிறீர்கள், வக்கீல் இருக்கிறீர்கள், கட்டடம் கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். எல்லாம் சரியாக அமையட்டும், பிறகு செய்கிறேன் என்று உங்கள் மேசையிலும் எதுவோ ஒன்று கிடக்கும். அது யாருடைய ரத்தம் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. முருகனிடம் கேளுங்கள். என்னை நம்பி அல்ல, அவனை நம்பிக் கேளுங்கள். அவன் எதை அனுப்புகிறானோ அதை வைத்துத் தொடங்குங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீரணனுக்குப் பிறகும் என் கையில் உயிர்கள் போயிருக்கின்றன. அவர்களுக்காகவும் இதே மாதிரிதான் வேண்டினேன். பிழைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவர்கூட, நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது போகவில்லை. என் இரண்டு கைகளும் அவர்கள்மேல்தான் இருந்தன.