கட்டி கரையவில்லை, ஜெபம் கேட்கப்பட்டது

என் கர்ப்பப்பையில் இருக்கும் நார்க்கட்டி இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வாரத்தில் கட்டி மாயமாய் மறைந்தது என்று படித்து மெய்சிலிர்க்க வந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அப்படிப்பட்ட சாட்சிகளை நம்பித்தான் நான் சாகக் கிடந்தேன். ஆனாலும் இது சாட்சிதான். தேவன் என் ஜெபத்தைக் கேட்டார். கேட்ட விதம்தான் வேறு.

இரண்டு வருடமாக இருந்த தொல்லை போன ஓணத்துக்குப் பிறகு பெரிதானது. மாதவிடாய் வந்தால் நிற்காது. கட்டிகட்டியாக ரத்தம். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், மீட்டிங் நடுவில் எழுந்து எழுந்து ஓடுவேன். எழும்போதெல்லாம் நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பேன். ஸ்கேன் எடுத்தார்கள். ஃபைப்ராய்டு என்றார்கள். டாக்டர் பதறவே இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒரு மாத்திரை, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எனக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும்.

எங்கள் பெண்கள் ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் விஷயத்தைப் போட்டேன். போட்டிருக்கவே கூடாது. குழுவை நடத்தும் லில்லி ஆன்ட்டி உடனே போனில் வந்தார்.

“மோளே, ஆஸ்பத்திரி பின்னால போனா கடைசியில யூட்ரஸ எடுத்துப்போடுவாங்க கேட்டியா. எனக்க நாத்தூனுக்கு எடுத்தாச்சுல்லா. ஒனக்கு கல்யாணமே ஆவல்ல.”

அந்த நாத்தூனாருக்கு என்ன வியாதி, எந்த வயதில் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கர்ப்பப்பை போய்விடும், எனக்குக் குழந்தையே கிடையாது என்பது மட்டும் காதில் நின்றது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதன் பிறகு வைத்தியர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி ஆமணக்கெண்ணெய்ப் பற்றுப் போடச் சொன்னாள். இன்னொருத்தி பச்சை மஞ்சளும் வெறும் வயிறும் என்றாள். இணையத்தில் ஒரு சகோதரி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கர்ப்பப்பை சுத்திப் பொடி விற்றாள். டப்பாவின் மேல் வேத வசனம் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். ஜெபக் கூட்டத்தில் பிரசங்கிக்க வந்த ஓர் ஊழியரோ, மாத்திரை விழுங்குகிற வாயால் எப்படி விசுவாச அறிக்கை செய்வாய் என்று என்னைக் கேட்டார். அவர் மூக்கின் மேல் இருந்த தடித்த கண்ணாடி அப்போது எனக்கு உறைக்கவில்லை. தன் கண்ணுக்கு வைத்தியம் செய்துகொண்டவர், என் வயிற்றுக்கு விசுவாசம் பேசினார்.

கடைசியில் ஒரு தமிழ் வீடியோ. ஆளி விதையை ஊறவைத்துக் குடித்தால் கட்டி கரையும் என்றது. ஆரியசாலையில் நாட்டு மருந்து விற்கும் ஒரு கடைக்குப் போனேன். இங்கேதான் திருவனந்தபுரத்துத் தமிழச்சியால் மட்டுமே செய்ய முடிந்த காரியத்தைச் செய்தேன். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம் படித்த மிடுக்கில், தமிழ்ப் பெயரை மலையாள வாயில் போட்டுக் கேட்டேன்.

“ஆளி வித்து உண்டோ, சேட்டா?”

“ஆசாளியல்லே? உண்டு மோளே. எத்ர வேணம்?”

ஆளிக்கு மலையாளத்தில் ஆசாளி போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். எம்.எஸ்சி. படித்தவள் அல்லவா, கைப்பேசியில் ஒரு தட்டு தட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தினமும் காலையில் ஊறவைத்து, கொழகொழவென்று குடித்தேன்; மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி வேலைக்கும் கொண்டுபோனேன். லெந்து என்னும் தவக்காலத்தில் உபவாசமும் சேர்ந்துகொண்டது.

ரத்தப்போக்கு முன்னைவிட மோசமானது. குழுவில் சொன்னேன். “கெட்ட ரத்தம் வெளியே போகுது, ஸ்தோத்திரம்!” என்று லில்லி ஆன்ட்டி எழுதினார். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். ஒரு பெண் ரத்தம் வற்றிக்கொண்டிருக்கிறாள், இவர்கள் அல்லேலூயா போடுகிறார்கள். நானும் பதிலுக்கு ஆமென் போட்டேன் என்பதுதான் இதில் கேவலம்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வரும் வழியில், தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கினேன். வீடிருக்கும் நேமத்துக்கு அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். இறங்கியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால்களுக்கு நடுவே சூடாக வழிவது தெரிந்தது. எப்படியோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கைப்பேசியில் சார்ஜ் இல்லை. சுற்றிலும் ஜனம். வாயைத் திறந்து உதவி கேட்கவும் வெட்கம்.

அதுவரை மாதக்கணக்காக, கட்டியைக் கரைத்துப்போடும் என்று சத்தம் போட்டு ஜெபித்திருக்கிறேன். அந்த பெஞ்சில் சத்தமும் வரவில்லை, வார்த்தையும் வரவில்லை. “ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். ஆனால் அந்தக் குழுவிலிருந்து மட்டும் வேண்டாம்.” இவ்வளவுதான் கேட்டேன். மனதார, சிரிக்காமல் கேட்டேன்.

“ஏட்டி! நீயா? என்னட்டி இப்பிடி வெளுத்துப் போயிருக்க?”

ஷீபா மைனி. என் அண்ணன் மனைவி. நான் இருப்பது அவர்கள் வீட்டில்தான்; மாத்திரையை நிறுத்தியதையும் விதை குடிப்பதையும் மட்டும் மறைத்திருந்தேன். அன்று மைனி பாறசாலையில் தன் அம்மையைப் பார்க்கக் கிளம்பியவள். பஸ் விஷயத்தில் மைனியைப் போல ஒருத்தியைப் பார்க்க முடியாது. வண்டி வருவதற்கு முன்பே போய் நிற்பாள். அன்றைக்குப் பார்த்து பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

மைனி தன் துப்பட்டாவை என் இடுப்பில் சுற்றிக் கட்டி, தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். தண்ணீர் தரலாம் என்று என் பையிலிருந்த பாட்டிலைத் திறந்தவள், முகர்ந்து பார்த்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள். சிவந்த பொடி விதைகள்.

“இது ஆசாளில்லா? இத எதுக்குட்டி குடிச்ச?”

“ஆளி விதை, மைனி. கட்டி கரைய.”

“ஆளியா? ஆளின்னா மலையாளத்துல சணவித்து. இது ஆசாளியாக்கும்! மாசம் தள்ளிப்போனா எங்க அம்ம இதத்தான் கஞ்சில போட்டுத் தருவா. வராதது வரதுக்கு! நீ வந்தது நிக்கல்லன்னு இதப் போயி குடிச்சிருக்க. எம்எஸ்சியாம் எம்எஸ்சி!”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “நீரு முன்னால பாத்து ஓட்டும்வே!” என்று அவருக்கும் ஒன்று விழுந்தது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டவர் ஆறுதல் சொல்லும் தூதனை அனுப்புவார் என்றிருந்தேன். திட்டுகிற மைனியை அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் ஏழைத் தொடவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். பாட்டிலைப் பார்த்த டாக்டர், இந்த விதையால்தான் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது, கட்டியே இப்படிச் செய்யும், மாத்திரையை நிறுத்தியதுதான் பெரிய தப்பு என்றார். கர்ப்பப்பையை எடுப்பீர்களா என்று கேட்டேன்.

“ஆரு பறஞ்ஞு எடுக்கணமெந்நு?” என்றார். யார் சொன்னது எடுக்க வேண்டும் என்று? உன் வயதில் அதை யாரும் முதலில் யோசிக்க மாட்டார்கள், தேவைப்பட்டால் கட்டியை மட்டும் எடுக்க வழி இருக்கிறது, இப்போது அதுவும் வேண்டாம் என்றார். அரை வருடமாக என்னைத் தின்ற பயம், ஒரு கேள்வியில் முடிந்தது. டாக்டரிடம் அன்றே கேட்காமல் லில்லி ஆன்ட்டி சொன்னதை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டால் ஏதாவது ஆகுமா என்றும் கேட்டேன். கட்டி கரையாது, ஆனால் நீ தேறுவாய் என்றார். அதைத்தான் இப்போது செய்கிறேன். சோறு தின்ற கையோடு டீ குடிப்பதை விட்டேன். இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது தடையாம். முருங்கைக்கீரையும் பயறும் கேழ்வரகும், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. ராத்திரி புரோட்டாவுக்கு விடை கொடுத்தாயிற்று. சாயங்காலம் கனகக்குன்றில் மைனியோடு நடை. நடையைவிடப் பேச்சு அதிகம். வலி வந்தால் வெந்நீர்ப் பை. இவை எல்லாம் மாத்திரையோடு சேர்த்து, மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

அண்மையில் மறு ஸ்கேன். “குறவுண்டோ?” என்று டாக்டர் கேட்டார். தேவலையா என்று மலையாளத்தில் கேட்பது அப்படித்தான். தமிழில் குறை உண்டோ என்றும் காதில் விழும். உண்டு என்றேன். இரண்டு மொழியிலும் அது உண்மை. கட்டி வளரவில்லை, போகவுமில்லை. ரத்தப்போக்கு பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

எங்கள் சபையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறு என்றால் பெண்கள் வெள்ளை உடுப்பார்கள். இரண்டு வருடமாக நான் கறுப்பு சுடிதாரில் கடைசி பெஞ்சில் ஒளிந்திருந்தேன். போன திருவிருந்து, எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். வெள்ளைச் சேலை உடுத்தினேன். நீண்ட பிரசங்கம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். முன்னால் நடந்து போய் முழங்கால்படியிட்டேன். எழுந்து திரும்பி நடந்தபோது ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை. ஸ்தோத்திரம் என்ற வார்த்தைக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைப் படிக்கிற சகோதரி, உனக்கும் இந்தக் கட்டி இருக்கலாம். ஜெபி. வெட்கப்படாமல், பேரம் பேசாமல் ஜெபி. அவர் கேட்கிறவர், நான் கண்டேன். ஆனால் வசனம் ஒட்டிய டப்பாக்களைத் தூக்கி எறி. கெட்ட ரத்தம் போகிறது என்று யாராவது சொன்னால் ஆமென் போடாதே, டாக்டரிடம் ஓடு. போக பயமாக இருந்தால் சொல், நானும் மைனியும் கூட வருகிறோம். வழியெல்லாம் அவள் உன்னைத் திட்டுவாள். கேட்டுக்கொள், எனக்கு ஜெபத்துக்குப் பதில் அந்தக் குரலில்தான் வந்தது.